வாசகர் கேள்வி–பதில்: பட்டாம்பூச்சியைப் பாடம் செய்வது

கறிவேப்பிலை மரத்தடியில் இறந்து கிடந்த பட்டாம்பூச்சி ஒன்றை எடுத்துத் தீப்பெட்டியில் வைத்திருப்பதாகச் சென்ற மாதம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அதை அப்படியே விட்டால் எறும்போ வண்டோ தின்று பொடியாக்கிவிடும் என்று ஒரே வரியில் பதில் சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரி போதவில்லை என்று பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றையொன்று ஒத்த கேள்விகளைச் சேர்த்து, இந்த மாதம் முழுப் பகுதியையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

ஐயா, இறந்து கிடக்கும் பட்டாம்பூச்சியை எடுத்தால் இறக்கைகள் மூடியபடி விறைத்திருக்கின்றன. விரிக்க முயன்றால் ஒடிந்துவிடுகின்றன. படங்களில் காண்பதுபோல் அழகாக விரித்து வைப்பது எப்படி?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

காய்ந்த பூச்சியை விரிக்க முயன்றதுதான் தவறு. முதலில் அதை இளக்க வேண்டும். மூடி இறுக்கமாகப் பொருந்தும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் நனைத்துப் பிழிந்த பஞ்சைப் பரப்பி, அதன்மேல் ஒரு சிறு மூடியையோ தட்டையோ வைத்து, பூச்சி ஈரத்தைத் தொடாதபடி அதில் கிடத்துங்கள். தண்ணீர் நேரடியாகப் பட்டால் இறக்கையில் கறை விழும். ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள டப்பாவில் பூஞ்சை இரண்டே நாளில் வந்துவிடும் என்பதால், நாட்டு மருந்துக் கடையில் ஓம உப்பு என்று கிடைக்கும் தைமால் படிகத்தில் இரண்டு துணுக்குகளை ஓரத்தில் போட்டு வையுங்கள். அருங்காட்சியகங்களில் பயன்படுத்துவதும் அதே பொருள்தான். சிறிய பூச்சி ஒரு நாளில் இளகும். கறிவேப்பிலை அழகி போன்ற பெரிய பட்டாம்பூச்சிகளுக்கு இரண்டு மூன்று நாள் ஆகலாம். இடுக்கியால் மார்பின் பக்கவாட்டை மெல்ல அழுத்தும்போது இறக்கைகள் தாமாக அசைந்து திறந்தால் பதம் வந்துவிட்டது என்று பொருள். அதுவரை பொறுமை தேவை. நான் கெடுத்த பூச்சிகளில் பாதிக்கு மேல் ஒரு நாள் முன்னதாகத் திறந்து பார்த்ததால் கெட்டவை.

அடுத்தது ஊசி. தையல் ஊசியும் குண்டூசியும் கூடாது. அவை தடிமனானவை, பூச்சியின் உடல் ஈரம் பட்டுத் துருவும் பிடிக்கும். பூச்சியியலுக்கென்றே ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளத்தில் துருப்பிடிக்காத எஃகு ஊசிகள் எண் வாரியாக விற்கப்படுகின்றன; பட்டாம்பூச்சிகளுக்குப் பெரும்பாலும் 2 அல்லது 3 ஆம் எண் பொருந்தும். மார்பின் நடுவில் செங்குத்தாக இறக்கி, ஊசியின் மேற்பகுதியில் ஏறத்தாழக் கால் பங்கு வெளியே நிற்கும்படி விடுங்கள். பிறகு கையால் எடுக்கப் பிடிமானம் அதுதான். (வண்டுகளுக்கு மட்டும் வலது மேலிறக்கையில் குத்துவது உலக வழக்கம்; பட்டாம்பூச்சிக்கு நடு மார்பே.)

இறக்கைகளை விரித்துக் காயவைக்கும் விரிபலகையை வாங்கத் தேவையில்லை. ஒரு தெர்மாகோல் பலகைமேல் வேறு இரண்டு தெர்மாகோல் பட்டைகளை, பூச்சியின் உடல் அமரும் அளவு இடைவெளி விட்டு ஒட்டினால் போதும். உடல் அந்தப் பள்ளத்திலும், இறக்கைகள் இருபுறப் பட்டைகளின் மேலும் இருக்க வேண்டும். முன்னிறக்கையின் முன்விளிம்பை ஒட்டித் தடித்த நரம்பு ஒன்று ஓடும். அதன் பின்னால் மெல்லிய ஊசியின் முனையை வைத்து, சவ்வைக் குத்தாமல், மேல்நோக்கித் தள்ளுங்கள். முன்னிறக்கையின் பின்விளிம்பு உடலுக்குச் செங்கோணத்தில் வரும்போது நிறுத்தி, பின்னிறக்கையையும் அதற்கு ஏற்ப உயர்த்தி, இரண்டின் மீதும் பட்டர் பேப்பர் பட்டையைப் படிய வைத்து, இறக்கைக்கு வெளியே மட்டும் குண்டூசிகளைக் குத்துங்கள். குண்டூசிக்கு வேலை இந்த இடத்தில்தான். உணர்கொம்புகளையும் இதே சமயத்தில் ஒழுங்குபடுத்திவிட வேண்டும். காய்ந்த பிறகு தொட்டால் முதலில் ஒடிவது அவைதான். விரலால் இறக்கையைத் தொடாதீர்கள். விரலில் ஒட்டும் அந்தத் தூள் உண்மையில் ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கப்பட்ட செதில்கள். நிறமும் கோலமும் அவற்றில்தான் இருக்கின்றன.

கோடையில் பத்து நாளில் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மூன்று வாரம்கூட ஆகும். வயிற்றுப் பகுதியை ஊசி முனையால் மெல்லத் தொட்டால் வளையாமல் விறைத்து நிற்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் மழைநாளில் இறக்கைகள் தொங்கிவிடும். இந்த நாட்களில் உங்கள் முதல் எதிரி எறும்பு. சாப்பாட்டு அலமாரியின் கால்களுக்கு நம் பாட்டிகள் வைத்த தண்ணீர்க் கிண்ணங்களை விரிபலகைக்கும் வையுங்கள். ஓர் இரவு மறந்தால் காலையில் நான்கு இறக்கைகள் மட்டும் மிஞ்சும்.

எங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சிக்காக மாணவர்கள் வலை கொண்டு பட்டாம்பூச்சி பிடித்துப் பாடம் செய்து வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். இது சட்டப்படி சரியா என்று ஒரு பெற்றோர் கேட்டார். என்ன பதில் சொல்வது?
– ஆசிரியர், தேனி

அந்தப் பெற்றோர் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார். 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் யானையையும் புலியையும் மட்டும் காப்பதில்லை. அதன் பட்டியல்களில் பட்டாம்பூச்சிகளும் நிறைய உண்டு. 2022 இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வடிவில், ஆறாக இருந்த பட்டியல்கள் நான்காகச் சுருங்கியுள்ளன. பட்டியலில் உள்ள உயிரினத்தைப் பிடிப்பதும் வேட்டையாடுவதாகவே கருதப்படும். இறந்து கிடந்தாலும் அது அரசின் உடைமை. தேசியப் பூங்காவுக்குள்ளும் சரணாலயத்துக்குள்ளும் அனுமதியின்றி எதையும் எடுக்கக் கூடாது. உங்கள் மாவட்டத்தில் அப்படிப்பட்ட காடுகள் அருகிலேயே இருக்கின்றன.

பட்டியலில் இல்லாததை மட்டும் பிடிக்கச் சொன்னால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. சிவப்புடல் அழகி என்னும் பட்டாம்பூச்சி பழைய சட்டத்தின் முதல் பட்டியலில் நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது. அது ஈசுவரமூலி இனக் கொடிகளைத் தின்று வளர்வதால் உடலில் நஞ்சு சேர்கிறது. பறவைகள் அதைத் தொடுவதில்லை. இதைப் பயன்படுத்திக்கொண்டு, நம் வீட்டுக் கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் வளரும் கறிவேப்பிலை அழகியின் பெண் பூச்சிகளில் ஒரு வகை, அதே கருஞ்சிவப்புக் கோலத்தில் வேடமிட்டுத் திரிகிறது. பறவையை ஏமாற்றும் வேடம் எட்டாம் வகுப்பு மாணவனையும் ஏமாற்றும். உடல் சிவப்பாக இருந்தால் சிவப்புடல் அழகி, கருப்பாக இருந்தால் வேடதாரி. பறக்கும்போது இதை யார் பார்ப்பது? எருக்கஞ்செடியைச் சுற்றும் வெந்தய வரியனுக்கும் இதேபோல் ஒரு போலி உண்டு. அந்தப் போலிப் பெண் பூச்சியின் பின்னிறக்கை நடுவில் வெந்தய வரியனுக்குள்ள கரும்புள்ளிகள் இருப்பதில்லை. எங்கும் காணப்படும் வெந்தய வரியன் என்று நினைத்துப் பிடிக்கிறோம். பழைய முதல் பட்டியலில் இடம்பெற்றிருந்தது அந்தப் போலிதான்.

ஆகவே என் கருத்து திட்டவட்டமானது: பள்ளி மாணவர்களிடம் வலையைக் கொடுக்காதீர்கள். பள்ளி வளாகத்துக் கறிவேப்பிலை மரத்தில் பறவை எச்சம்போல் தோன்றும் இளம்புழுக்களைத் தேடச் சொல்லுங்கள். அவை பச்சைப் புழுவாகிக் கூட்டுப்புழுவாகிப் பட்டாம்பூச்சியாக வெளிவர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். பூச்சியைப் பறக்கவிட்டு, அது விட்டுச்சென்ற வெற்றுக் கூட்டை நாளும் இடமும் எழுதி அட்டையில் ஒட்டினால், கண்காட்சியில் வேறெந்த மேசையிலும் இல்லாத பொருள் உங்கள் மேசையில் இருக்கும்.

கைப்பேசியிலேயே துல்லியமாகப் படம் எடுக்க முடிகிறது. இந்தக் காலத்திலும் பூச்சியை ஊசியில் குத்தி வைப்பது தேவைதானா?
– பொறியாளர், சென்னை

பெரும்பாலோருக்குத் தேவையில்லை. நான்கு கோணத்தில் எடுத்த நல்ல படம், நாள், இடம் ஆகியவை இருந்தால் தமிழ்நாட்டுப் பட்டாம்பூச்சிகளில் பெரும்பகுதியை அடையாளம் காணலாம். 2019 இல் நம் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனை அறியப் படமே போதும். ஆனால் சிறிய நீலன்கள், தாவிப் பறக்கும் துள்ளிகள் என்னும் பட்டாம்பூச்சிக் குழுக்களில் சில இனங்களை இனப்பெருக்க உறுப்பின் அமைப்பைப் பார்க்காமல் பிரித்தறிய முடியாது. படத்திலிருந்து மரபணுவை எடுக்கவும் முடியாது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ கடலோர மணல்மேடுகளில் செர்செஸ் நீலன் என்ற சிறு பட்டாம்பூச்சி வாழ்ந்தது. நகரம் வளர்ந்து மணல்மேடுகள் மறைந்தன. 1940களின் தொடக்கத்துக்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. அது தனி இனமா, இன்றும் வாழும் இன்னொரு நீலனின் உள்ளூர் வகையா என்ற வழக்கு பல்லாண்டுகள் தீரவில்லை. சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் 93 ஆண்டுகளாக ஊசியில் நின்ற ஒரு மாதிரியின் வயிற்றிலிருந்து துளி திசுவைக் கிள்ளியெடுத்துச் சோதித்து, அது தனி இனமே என்று 2021 இல் ஆய்வாளர்கள் முடிவு சொன்னார்கள். அதைப் பிடித்தவர் காலத்தில் மரபணுவின் வடிவம்கூடக் கண்டறியப்படவில்லை.

அந்த மாதிரிக்கு அந்த மதிப்பு வந்ததற்கு அதன் கீழே இருந்த சீட்டும் ஒரு காரணம். எங்கே, என்று, யார் என்ற மூன்றும் இல்லாத பூச்சி வெறும் சுவர் அலங்காரம். நாகர்கோவில் மாணவிக்கும் இதைச் சொல்ல விரும்புகிறேன். ஊர், மாவட்டம், முடிந்தால் அட்சரேகை தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம், நாள், எடுத்தவர் பெயர் ஆகியவற்றைத் தண்ணீரில் கரையாத மையால் சிறு தாளில் எழுதி, பூச்சி நிற்கும் அதே ஊசியில் அதன் கீழே கோத்துவிடுங்கள். பெட்டியின் அடியிலோ தனி நோட்டிலோ எழுதினால் என்றாவது ஒரு நாள் இரண்டும் பிரிந்துவிடும். பெயர் தெரியாவிட்டால் கவலையில்லை. பெயரைப் பிறகு ஒருவர் கண்டுபிடிப்பார், இடத்தையும் நாளையும் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் வட்டாரத்தில் 1702 இல் பிடிக்கப்பட்டு, இன்று ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு வெள்ளைப் பட்டாம்பூச்சியை, ஊசியில் குத்தப்பட்ட பூச்சிகளில் மிகப் பழையது என்கிறார்கள். முந்நூறு ஆண்டுக்கு முந்தைய அந்த விவரம் நமக்குத் தெரிவது யாரோ எழுதி வைத்ததால்.

எங்கள் தாத்தா தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தபோது சேர்த்த பட்டாம்பூச்சிப் பெட்டி ஒன்று பரணிலிருந்து கிடைத்தது. சிலவற்றின் கீழே பழுப்புத் தூள் கொட்டிக் கிடக்கிறது. ஊசிகளில் பச்சையாக ஏதோ படர்ந்திருக்கிறது. தூக்கி எறிந்துவிடலாமா?
– இல்லத்தரசி, குன்னூர்

எறியாதீர்கள். முதலில் கையுறை அணியுங்கள். பழைய சேகரிப்புகளில் பூச்சி அரிக்காமலிருக்கப் பாதரசக் குளோரைடும் ஆர்சனிக்கும் தடவும் வழக்கம் இருந்தது. குழந்தைகளை அருகில் விட வேண்டாம்.

பழுப்புத் தூள் என்பது அருங்காட்சியக வண்டின் மயிரடர்ந்த புழுக்கள் தின்று கழித்தது. பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, குளிர்பதனப் பெட்டியின் உறைபனி அறையில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள். உடனே திறந்தால் இறக்கைகளில் நீர் கோக்கும். இப்படிச் செய்தால் புழுக்கள் சாகும். நாப்தலின் உருண்டை வண்டுகளை விரட்டுமே தவிர உள்ளே இருப்பவற்றைக் கொல்லாது. அதன் ஆவி கைக்குழந்தைகளுக்கு ஆகாது. ஊசியில் படர்ந்த பச்சை, பித்தளையிலுள்ள தாமிரமும் பூச்சியின் கொழுப்பும் சேர்ந்து உண்டானது. பழைய ஊசியைப் பிடுங்கப் பார்க்காதீர்கள், உடல் நொறுங்கிவிடும்.

பெட்டியில் சீட்டுகள் இருந்தால், அவற்றின் எழுத்து மங்கியிருந்தாலும், ஒன்றையும் இடம் மாற்றாமல் படமெடுத்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் ஐம்பது அறுபது ஆண்டுகளுக்குமுன் எந்தப் பூச்சி எந்த உயரத்தில் பறந்தது என்ற சான்று அதில் இருக்கக்கூடும். இன்று அந்தச் சரிவில் தைலமரம் நிற்கலாம். பட்டியலிடப்பட்ட இனங்களும் அதில் இருக்கலாம் என்பதால் வீட்டில் வைத்துக்கொள்வதைவிட, வனத்துறைக்குத் தெரிவித்து, பூச்சி சேகரிப்பு உள்ள ஒரு நிறுவனத்திடம் ஒப்படைப்பதே நல்லது. கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2018 முதல் பூச்சி அருங்காட்சியகம் நடத்துகிறது. முதலில் அங்கே கேட்டுப் பாருங்கள்.

இணையத்தில் கண்ணாடிச் சட்டமிட்ட நீலப் பட்டாம்பூச்சி விற்கிறார்கள். வாங்கலாமா? நிறம் நிலைக்குமா?
– வாசகர், கோயம்புத்தூர்

நீங்கள் சொல்வது பெரும்பாலும் தென் அமெரிக்காவின் மார்ஃபோவாக இருக்கும். அதன் நீலம் சாயம் அல்ல. செதில்களின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி சிதறி மீள்வதால் தோன்றுவது. அதனால் மற்றவற்றைவிட நெடுநாள் நிற்கும். மஞ்சளும் சிவப்பும் நிறமிகளால் ஆனவை. வெயில் படும் சுவரில் மாட்டினால் வெளுத்துவிடும். அருங்காட்சியகங்களில் இழுப்பறைகளை மூடியே வைப்பது இதற்காகத்தான்.

வாங்குவது வேறு விஷயம். பண்ணையில் வளர்த்ததா காட்டில் பிடித்ததா என்று விற்பவர் சொல்வதைத் தவிர உங்களிடம் சான்று இருக்காது. பறவைச் சிறகு கொண்டவை என்று அழைக்கப்படும் பெரிய பட்டாம்பூச்சிகளின் பன்னாட்டு வணிகம், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டீஸ் என்னும் உலக உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. அவற்றில் மிகப் பெரியதான, பப்புவா நியூ கினியாவில் மட்டும் வாழும் அரசி அலெக்சாண்ட்ராவின் வணிகம் அடியோடு தடை. (1906 இல் அதன் முதல் மாதிரியைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார்கள் என்றால் அதன் உருவத்தை எண்ணிப் பாருங்கள்.) என்னைக் கேட்டால், அந்தக் காசுக்கு இரண்டு எலுமிச்சைக் கன்றுகள் வாங்கி நடுவேன்.

இலங்கையில் வண்ணத்துப்பூச்சி சேகரிப்பதற்குத் தடை உண்டா?
– வாசகர், யாழ்ப்பாணம்

உண்டு, 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பின்னர் பலமுறை திருத்தப்பட்டுக் கடுமையாக்கப்பட்டிருக்கிறது. 2020 மே மாதம் யால தேசியப் பூங்காவில் நூற்றுக்கணக்கான பூச்சிகளைக் குப்பிகளில் அடைத்து வைத்திருந்த இத்தாலியத் தந்தையும் மகனும் பிடிபட்டார்கள். 2024 இல் அவர்களுக்கு ஏறத்தாழ 2 லட்சம் அமெரிக்க டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. இந்தியாவிலும் 2008 இல் டார்ஜிலிங் அருகே சிங்கலிலா தேசியப் பூங்காவில் பூச்சி பிடித்த செக் நாட்டவர் இருவரில் ஒருவருக்கு மூன்றாண்டுச் சிறையும் 60,000 ரூபாய் அபராதமும், மற்றவருக்கு 20,000 ரூபாய் அபராதமும் கிடைத்தன. இருவருமே பூச்சிகளை அறிந்தவர்கள்தான். அறிவு அனுமதிச் சீட்டுக்கு மாற்றாகவில்லை.

பட்டாம்பூச்சிகள் குறைந்து வருவதற்குச் சேகரிப்பாளர்கள்தாமே காரணம்?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மதுரை

ஒரே மலையில் ஒரே சோலையில் மட்டும் வாழும் அரிய இனமானால் ஒரு பேராசைக்காரரின் வலைகூடக் கேடு செய்யும், அதை மறுக்கவில்லை. ஆனால் பொதுவாக ஒரு பெண் பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். அவை வளரச் செடி இருக்கும்வரை இனம் தேறிவிடும். வலைக்குப் பழியைச் சுமத்தி, உண்மைக் காரணத்தைத் தவறவிட்ட கதை ஒன்று இங்கிலாந்தில் உண்டு.

பெருநீலன் என்ற பட்டாம்பூச்சி அங்கே அருகி வந்தபோது, சேகரிப்பாளர்களைத் தடுக்க அது வாழ்ந்த இடத்துக்கு வேலியிட்டார்கள். வேலி சேகரிப்பாளர்களோடு ஆடுமாடுகளையும் தடுத்தது. புல் உயர்ந்தது, நிலம் குளிர்ந்தது, வெதுவெதுப்பான குட்டைப் புல்தரையில் மட்டும் புற்று வைக்கும் ஒரு சிவப்பு எறும்பு அகன்றது. பெருநீலனின் புழு அந்த எறும்பை ஏமாற்றி, அதன் புற்றுக்குள் தூக்கிச் செல்லப்பட்டு, அங்கே எறும்புக் குஞ்சுகளைத் தின்றே வளர்வது என்பதை ஜெரமி தாமஸ் என்ற ஆய்வாளர் கண்டறிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1979 இல் அந்நாட்டில் அது அற்றுப்போனது. காரணம் தெரிந்தபின் மேய்ச்சலைத் திருப்பிக் கொண்டுவந்து, 1980களில் சுவீடனிலிருந்து கொணர்ந்து மீண்டும் குடியேற்றினார்கள். இன்று அங்கே அது பறக்கிறது. நம் ஊரில் பட்டாம்பூச்சிப் புழுக்களுக்கு உணவாகும் எருக்கும் ஆடுதின்னாப்பாளையும் வேலியோரத்தில் களைக்கொல்லிக்குப் பலியாவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் முதலில் அங்கேதான் கைகாட்டுவேன்.

விளக்கடியில் இறந்து கிடக்கும் பெரிய அந்துப்பூச்சிகளையும் இதே முறையில் பாடம் செய்யலாமா?
– மாணவர், வால்பாறை

செய்யலாம், பட்டியலில் உள்ளதா, சரணாலயத்துக்கு உள்ளா வெளியா என்பதை மட்டும் முதலில் பாருங்கள். அவற்றின் வயிறு பருத்தது, கொழுப்பு மிகுந்தது. சில மாதங்களில் எண்ணெய் கசிந்து இறக்கைவரை கறுத்துவிடும். அப்படி ஆனால் ஊசியோடு சுத்தமான அசிட்டோனில் ஓரிரு நாள் முழுக வைத்து எடுத்துக் காயவிடுங்கள். சீட்டை முன்பே கழற்றி, காய்ந்ததும் மறவாமல் திரும்பக் கோத்துவிடுங்கள். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். அடுப்படியில் இந்த வேலை வேண்டாம்.